ஆற்றுவாயை யார் வெட்டியது

எழுதத் தெரிந்தவர்கள் எழுதட்டும் என்றுதான் இத்தனை காலமும் இருந்தேன். நான் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவள். கணக்குப் பாடத்தில் தவறி, இரண்டாம் முறை எழுதப் போகாமல் விட்டவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறந்தால் என் குரல் எனக்கே கேட்காது. வாசிகசாலையில் மற்றவர்கள் எழுதியதை அடுக்கி வைப்பதுதான் என் வேலை. அப்படிப்பட்ட ஒருத்தி தானும் ஒன்றை எழுதி மற்றவர்கள் கையில் கொடுப்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த மாரியில் எங்கள் ஊரில் நடந்தது பத்திரிகைகளில் வந்தது. ஆனால் நடந்த மாதிரி எதிலும் வரவில்லை. நடந்ததை அறிந்தவர்களில் பேனை பிடிக்கிற பழக்கம் எனக்கும் இன்னொருவருக்கும்தான் உண்டு. அவர் இப்போது எழுதுவதில்லை.

எங்கள் ஊர் கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடக்கிற ஒரு மணல் துண்டு. கடலோரம் இருந்த எங்கள் பழைய வீட்டையும் அம்மாவையும் சுனாமி கொண்டுபோனது. பழைய வாசிகசாலையும் அதோடு போனது. பிறகு வாவிப் பக்கமாக, முன்பு மாடு மேய்ந்த பள்ளக் காணியில் மண் நிரவி எங்களுக்கு வீடுகள் கட்டித் தந்தார்கள். எனக்கு ஒன்று, பக்கத்து வளவில் தம்பிக்கு ஒன்று. வாசிகசாலையையும் ஒரு வெளிநாட்டு உதவியில் கட்டினார்கள். ஒரு நீண்ட மேசை, கதிரைகள், கண்ணாடி வைத்த அலுமாரி. பிரதேச சபை ஒரு சிறு கொடுப்பனவு தந்து என்னைத் திறப்புக்குப் பொறுப்பாக வைத்தது. கலியாணம் செய்யாதவள், வீட்டில்தானே இருக்கிறாள் என்று யாரோ என் பெயரைக் கொடுத்திருக்க வேண்டும். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. வருகிறவர்கள் ஒருவரோடு ஒருவர் கதைப்பார்கள். நான் கதைக்க வேண்டிய தேவை குறைவு.

காலை பஸ்ஸில் கொழும்பிலிருந்து இரண்டு தினசரிகள் வரும். ஞாயிறு என்றால் ஒரு வாரப் பத்திரிகையும் சேர்ந்து வரும். ஒரு பத்திரிகையை ஒருவரே முழுதாக வைத்துக்கொள்வது எங்கள் வாசிகசாலையில் வழக்கமில்லை. வந்தவுடன் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்றாக எடுத்துவிடுவார்கள். முன்பக்கச் செய்தியின் மீதி எட்டாம் பக்கத்தில் என்று போட்டிருந்தால், "எட்டு ஆரிட்டக் கிடக்கு?" என்று முன்பக்கம் வைத்திருப்பவர் சத்தம் போடுவார். எட்டை வைத்திருப்பவர் அதை உரக்க வாசிப்பார். சில வேளை எட்டை வைத்திருப்பவருக்கு மூக்குக்கண்ணாடி இருக்காது. அப்போது முன்பக்கத்தோடு செய்தி நின்றுபோகும். பாதியைக் கேட்டுவிட்டே சண்டை தொடங்கிவிடும்.

போர் முடிந்த பிறகு பிரதேச சபைத் தேர்தல் வந்தபோது அந்தச் சண்டை அதிகமாகியது. எங்கள் ஊரில் இரண்டு பேரைப் பற்றித்தான் பேச்சு. ஒருவர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். மற்றவர் வீதி போடுகிற கொந்தராத்துக்காரர். சந்தியில் பார்மசி வைத்திருந்தவரும் மூன்றாவதாகத் தேர்தல் கேட்டார். அவரை இரண்டு தினசரிகளும் கண்டுகொள்ளவில்லை. ஒரு தினசரி அதிபர் பக்கம் சாய்ந்தது. மற்றது கொந்தராத்துக்காரர் பக்கம். கொஞ்ச நாளில் பத்திரிகைகளின் பெயரே ஊரில் மாறி, ஒன்று "அதிபர்ர பேப்பர்" என்றும் மற்றது "கொந்தராத்துப் பேப்பர்" என்றும் ஆகிவிட்டது.

ஓய்வுபெற்ற பஸ் கொண்டக்டர் ஒருவர் தினமும் வருவார். அவர் அதிபரின் ஆள். தாளை மேசையில் விரித்து, டிக்கட் கிழித்த அந்தக் கையைச் சாணாக வைத்து அளப்பார்.

"இஞ்ச பாருங்க. கொந்தராத்துக்கு ஒண்டேகால் சாண். படம் வேற. நம்மட அதிபருக்கு? மூணு விரல். அதுவும் மாடு பஸ்ஸோட மோதின செய்திக்குக் கீழ."

என் தம்பி வாவியில் மீன்பிடித் தொழில் செய்பவன். வலைக்குக் கண் அளக்கிறதும் விரலால்தான்.

"மூணு விரல் நல்ல கண்தானே ஐயா," என்பான். "இறால் ஓடிரும். மீன் நிக்கும்."

"உனக்கு எல்லாம் பகிடிதான். இது பத்திரிகையா, நோட்டீசா?"

காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் சாரம், துணி விற்க வருகிற முஸ்லிம் வியாபாரி ஒருவர், நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறவர், மூட்டையை வாசலில் வைத்துவிட்டு எங்களோடு இருந்து வாசித்துவிட்டுப் போவார். அவருக்கு எங்கள் ஊரில் வாக்கில்லை. அதனால் அவருடைய வாய் சுதந்திரமானது.

"நீங்க சாணையும் விரலையும் அளங்க. நான் முழம் அளக்கிறவன். எனக்கு ரெண்டு பேப்பரும் ஒரே அளவுதான். சாரம் சுத்திக் குடுக்க ரெண்டும் நல்லா இரிக்கி."

இந்த இரண்டு தினசரிகளுக்கும் எங்கள் பகுதியிலிருந்து செய்தி அனுப்பியவர் ஒரே ஆள். சந்தியில் கொமினிகேஷன் கடை வைத்திருந்தார். தொலைபேசி, பெக்ஸ், போட்டோக்கொப்பி. ஊரில் அவரை நிருபர் என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைவிட வயது குறைந்தவர். தன் செய்தி வந்திருக்கிறதா என்று பார்க்கக் காலையில் வருவார். ஒரே செய்தியைத்தான் இரண்டுக்கும் அனுப்புவார். அது இரண்டு செய்தியாக வரும். அதிபரின் கூட்டமொன்று மழையில் நடந்தது. ஒரு பத்திரிகையில் "கொட்டும் மழையிலும் திரண்ட மக்கள்" என்று வந்தது. மற்றதில் "வெறிச்சோடிய மைதானம்" என்று வந்தது. கொண்டக்டர் ஐயா இரண்டாவதைத் தூக்கிக்கொண்டு நிருபரிடம் போனார். அதே நேரம் கொந்தராத்துக்காரரின் ஆட்கள் முதலாவதைத் தூக்கிக்கொண்டு அவருடைய கடைக்குப் போயிருந்தார்கள். ஒரு நாள் காலையில் கடைப் பலகையில் யாரோ சாணி கரைத்து அடித்திருந்தார்கள். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று அவருக்குத் தெரியவில்லை.

நான் அவரிடம் ஒரேயொரு தடவை கேட்டேன். வேறு ஒருவரும் வராத நேரம்.

"அங்க நடந்தத அப்படியே எழுதினா என்ன?"

அவர் கோபப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து தன் கையெழுத்துப் பிரதியை எடுத்துக் காட்டினார். மழை பெய்தது, மக்கள் கொஞ்சப் பேர் குடையோடு நின்றார்கள், அதிபர் சுருக்கமாகப் பேசினார் என்று இருந்தது.

"அப்படியேதான் அனுப்புறன் அக்கா. இஞ்ச இருந்து வெளிக்கிடக்குள்ள என்ட பிள்ள. கொழும்பில போய் இறங்கக்குள்ள ஆர்ர பிள்ளையோ."

அந்தத் தேர்தல் நடக்கிற காலத்தில்தான் மாரி மழை விடாமல் பிடித்தது.

எங்கள் பகுதியை அறியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். வாவி கடலோடு சேருகிற இடத்தைக் கடல் மணல் போட்டு மூடிவிடும். அதை ஆற்றுவாய் என்போம். மாரியில் வாவி நிரம்பினால் அந்த மணலை வெட்டிவிட வேண்டும். வெட்டினால் வெள்ளம் கடலுக்குள் இறங்கும். ஆனால் நினைத்தவுடன் வெட்ட முடியாது. வெட்டினால் இறாலும் மீனும் கடலோடு போய்விடும் என்று வாவியில் தொழில் செய்கிறவர்கள் மறுப்பார்கள். வெட்டாவிட்டால் வயல் வட்டையில் நிற்கிற வேளாண்மை அழுகிவிடும் என்று வாவிக்கு அக்கரையான படுவான்கரை விவசாயிகள் வருவார்கள். இரண்டு பக்கத்தையும் மாவட்ட அலுவலகமான கச்சேரிக்குக் கூப்பிட்டுக் கதைத்து, உத்தரவு வந்த பிறகுதான் மண்வெட்டி வைக்கலாம். உத்தரவில்லாமல் வெட்டுவது குற்றம்.

அந்த வருடம் இரண்டு பக்கத்திலும் வாக்கு இருந்தது. அதனால் வேட்பாளர்கள் ஒருவரும் வெட்டு என்றும் சொல்லவில்லை, வெட்டாதே என்றும் சொல்லவில்லை. கொந்தராத்துக்காரர் முழங்கால் வரை சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்து எங்கள் ஒழுங்கையில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார். அதிபர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, "நான் கச்சேரியில கதைக்கிறன்," என்றார். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் வீடுகள் பள்ளத்தில் இருப்பவை. முதலில் முற்றம், பிறகு குசினி, பிறகு கட்டில் கால். தம்பியின் மனைவி இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பாடசாலைக்குப் போய்விட்டாள். நானும் தம்பியும் இரண்டு வீட்டுச் சாமான்களையும் உயரத்தில் ஏற்றிக்கொண்டிருந்தோம். இடையில் அவனைக் காணவில்லை.

பின்னேரம் வந்தான். உடம்பெல்லாம் மணல். கையில் மண்வெட்டி.

"எங்க போன நீ?"

"ஆத்துவாய்க்கு. துறந்து விட்டாச்சு."

நான் கையிலிருந்த பெட்டியைக் கட்டிலில் வைத்தேன்.

"நாலு பேர் போனம். ஒரு கோடு கீறின மாதிரித்தான் வெட்டின, அக்கா. இவ்வளவு அகலம். மறுகா அது தன்னால பிச்சிக்கிட்டுப் போகுது. கரையெல்லாம் கட்டி கட்டியா விழுகுது. நாங்க பாஞ்சி ஏறினது பெரிய காரியம்."

"ஆரும் கண்டாங்களா?"

"பட்டப்பகல்தான். ஆனா அந்த மழைக்க ஆர் காணுற?"

"நீயும் தொழில்காரன்தானே. இறால் போனா உனக்கும்தானே இல்ல."

"இறால் மறுவருசம் வரும். பிள்ளையள்ர கட்டிலுக்கு மேல தண்ணி ஏறினா என்ன செய்யிற?"

அன்று இருட்டுவதற்குள் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. விடியும்போது சுவரில் ஒரு மண்ணிறக் கோடு மட்டும் நின்றது. ஊரே வெளியே வந்து பார்த்தது. வெட்டியது யார் என்று ஊரில் பலருக்கும் அரசல்புரசலாகத் தெரியும். ஒருவரும் பெயர் சொல்லவில்லை.

எனக்குச் சந்தோசமும் பயமும் ஒன்றாக இருந்தன. போர்க் காலத்தில் ஒரு இராணுவச் சுற்றிவளைப்பில் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எந்தக் குற்றமும் இல்லை. யாரோ எழுதிக் கொடுத்த பெயர்களில் அவன் பெயரும் இருந்ததாம். மாதக்கணக்கில் ஆள் இல்லை. நானும் அம்மாவும் ஏறி இறங்காத வாசல் இல்லை. திரும்பி வந்த பிறகும் வெகுகாலம் அவன் பின்கதவுக்குப் பக்கத்தில்தான் பாய் போட்டுப் படுத்தான். அன்றிலிருந்து அவனுடைய பெயர் ஒரு தாளில் ஏறுகிறது என்றாலே நான் அந்தத் தாளை வாங்கி இரண்டு தடவை வாசிப்பேன். அது வாக்காளர் இடாப்பாக இருந்தாலும் சரி.

வாசிகசாலையைக் கழுவித் திறந்த அன்று இரண்டு தினசரிகளும் வந்தன. தாள்களைப் பிரித்த உடனேயே சிரிப்புத் தொடங்கிவிட்டது. ஒன்றில் அதிபரின் விடாமுயற்சியால் ஆற்றுவாய் வெட்டப்பட்டதாக இருந்தது. மண்வெட்டி பிடித்தபடி அவருடைய படம். அது எப்போதோ பாடசாலைச் சிரமதானத்தில் எடுத்தது. படத்தில் தரை வறண்டு கிடந்தது. மற்றதில் கொந்தராத்துக்காரரின் துரித நடவடிக்கையால் ஆற்றுவாய் வெட்டப்பட்டதாக இருந்தது. அவர் மண் அள்ளுகிற ஒரு பெக்கோ இயந்திரத்துக்கு முன்னால் நின்றார். பின்னால் தார் வீதி தெரிந்தது.

"அல்லாஹ்வே, ஒரு பொண்ணுக்கு ரெண்டு மாப்பிள்ளையா?" என்றார் காக்கா.

கொண்டக்டர் ஐயா தன்னுடைய தாளை மட்டும் நம்பினார். "நான் சொன்னன்தானே, அதிபர் கச்சேரியில கதைக்கிறனெண்டு சொன்னவர். கதைச்சிருக்கார்."

"அப்ப மத்தப் பேப்பர்?" என்று காக்கா கேட்டார்.

"அது அரசாங்கத்துக்கு வால் பிடிக்கிற பேப்பர். அத ஏன் கேக்கிறீங்க."

நான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொய்ச் செய்தியைப் பார்த்து மனம் குளிர்ந்தேன். அதிபர் வெட்டினார், கொந்தராத்துக்காரர் வெட்டினார். நல்லது. யாராவது வெட்டியிருக்கட்டும்.

நிருபர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் அந்தச் செய்தியை அனுப்பவேயில்லை. வேட்பாளர்களின் ஆட்கள் கொழும்புக்கு நேரே கொடுத்திருக்கிறார்கள். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் தம்பி உள்ளே வந்தான். படங்களைப் பார்த்தான். அவனுக்கு அது பொறுக்கவில்லை.

"இந்தாள் மண்வெட்டியப் பிடிச்சிருக்கிற பிடியப் பாருங்க. கரண்டி பிடிக்கிற மாதிரி. நிருபர் அண்ண, இஞ்ச வாங்க, நான் சொல்றன்."

இரண்டு பேரும் மேசையின் கோடிக்குப் போனார்கள். தம்பி என்னுடைய அடிமட்டத்தை எடுத்து மேசையில் கோடு போட்டுக் காட்டினான். வாவிப் பக்கத்திலிருந்து எப்படித் தொடங்கியது, கடல் பக்கத்தில் எவ்வளவு மண் விட்டு வைத்தது, கடைசியாக அதை உடைத்தது யார், ஓடியது எப்படி. மற்ற மூன்று பேருடைய பெயர்களையும் சொன்னான். நிருபர் எழுதிக்கொண்டிருந்தார். நான் அலுமாரியைத் திறந்து மூடினேன். தம்பியின் கண்ணைப் பிடிக்கப் பார்த்தேன். அவன் திரும்பவில்லை. அத்தனை பேருக்கு முன்னால், "வாயை மூடு," என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவனுடைய முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்துக் கனகாலம் ஆகியிருந்தது.

அன்று மத்தியானத்துக்குப் பிறகு கிராம சேவகர் மோட்டார் சைக்கிளில் வந்தார். வாசிகசாலையில் நான் மட்டும்.

"கச்சேரியில கேக்கிறாங்க. உத்தரவில்லாம வெட்டியிருக்கு. பக்கத்து ஊர்த் தொழில்காரர் வல போயிட்டெண்டு முறைப்பாடும் குடுத்திருக்காங்க. பொலிசுக்கும் அறிவிச்சாச்சு. ஆரெண்டு ஏதும் காதில விழுந்திச்சா?"

"பேப்பரில போட்டிருக்கே சேர்," என்றேன். எப்படி என் வாயில் அது வந்தது என்று தெரியாது.

அவர் சிரித்துவிட்டார். "போட்டிருக்குத்தான். எலக்சன் நேரத்தில அவங்க ரெண்டு பேரையும் போய் நான் விசாரிக்கிறதா? என்ட வேல போயிரும். வேற ஆர்ர பேரும் வந்தா அவங்களத்தான் பொலிசில ஒப்படைக்கணும். அதுக்குத்தான் கேக்கிறன்."

அவர் போன பிறகு நான் வாசிகசாலையைப் பூட்டிக்கொண்டு சந்திக்கு நடந்தேன். வழியில் இரண்டு தடவை திரும்பப் பார்த்தேன். கடையில் நிருபர் தனியே இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பிக் கதிரை தந்தார். நான் அந்தக் கடைக்கு அதற்கு முன் போனதில்லை.

"அந்தச் செய்தி," என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

"அனுப்பிட்டன் அக்கா," என்றார் சந்தோசமாக. "இந்த ரெண்டு பேப்பருக்கும் இல்ல. ஞாயிறு வாற பேப்பருக்கு. பெக்ஸ் பண்ணிட்டன். உங்கட தம்பிர பேர், மத்த மூணு பேர்ர பேர் எல்லாம் போட்டு. ஊர் அறியட்டும். எலக்சன் தொடங்கின நாளிலருந்து என்னைய ரெண்டு பக்கத்தாலயும் பேசுறாங்க. இது ஒண்டாவது உள்ளபடி வரட்டும்."

கிராம சேவகர் சொன்னதைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"இப்ப காலம் மாறிட்டு அக்கா. சண்டை முடிஞ்சுது. மண் வெட்டினதுக்கு ஆரும் ஆளக் கொண்டுபோக மாட்டாங்க. எச்சரிச்சு விடுவாங்க."

"உங்களுக்கு மாறியிருக்கும்."

அவர் மேசையிலிருந்த பேனையை மூடி வைத்தார்.

"அவனக் கொண்டுபோன நேரமும் எச்சரிச்சு விடுவமெண்டுதான் சொன்னாங்க," என்றேன். "அம்மா ஒவ்வொரு நாளும் சோத்துப் பார்சல் கொண்டு போவா. ஒவ்வொரு நாளும் திருப்பிக் கொண்டு வருவா."

"பேர் போடாட்டி ஆரும் நம்ப மாட்டாங்களே. நீங்கதானே அக்கா கேட்டீங்க, நடந்தத அப்படியே எழுதினா என்னண்டு."

"ஓம். கேட்டன்தான்."

கேட்டது நான்தான். அதைத் திரும்ப எடுக்கவும் முடியவில்லை, பிழை என்று சொல்லவும் முடியவில்லை. தம்பியின் பெயர் வரக்கூடாது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. கண்ணீர் வந்துவிடுமோ என்று போட்டோக்கொப்பி இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிருபர் தொலைபேசியை எடுத்துக் கொழும்புக்கு அடித்தார். யாருடனோ மரியாதையாகக் கதைத்தார். பெயர்களையாவது எடுத்துவிடச் சொல்லிக் கேட்டார். மறுபக்கத்தில் பதில் நீளமாக இருந்தது. அவர், "ஓம் சேர், ஓம் சேர்," என்றுகொண்டு நின்றார்.

"பக்கம் கட்டியாச்சாம்," என்றார் தொலைபேசியை வைத்துவிட்டு. "பாப்பமெண்டு சொல்றாங்க. என்ன செய்வாங்களெண்டு தெரியாது."

வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொன்னேன். ஞாயிறு வரைக்குமாவது வாகரையில் மனைவியின் ஆட்களோடு போய் இருக்கச் சொன்னேன்.

"வீடெல்லாம் சேறு. இத ஆர் அள்ளுற? நான் என்ன கொலையா செஞ்ச? மண்ணத்தானே வெட்டின." அப்படிச் சொல்லிவிட்டுச் சேறு அள்ளப் போனான். மறுநாள் காலையில் தேநீர் கொண்டுபோனபோது பார்த்தேன். அவனுடைய பாய் பின்கதவுக்குப் பக்கத்தில் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் வருவதற்கு முன்னமே வாசிகசாலையில் ஆட்கள் இருந்தார்கள். நிருபர் எதையோ எழுதியிருக்கிறார் என்று எப்படியோ பரவியிருந்தது. நான் பஸ்ஸடியில் நின்று பத்திரிகைக் கட்டை வாங்கி, வாரப் பத்திரிகையைத் தனியே உருவி எடுத்துவிட நினைத்தேன். அதற்குள் கொண்டக்டர் ஐயா என் கையிலிருந்தே கட்டை வாங்கிக்கொண்டார். மேசையில் போட்டதும் தாள்கள் பறந்தன. முன்பக்கம் அவரிடம். தம்பி கதவடியில் நின்றான். நிருபர் யன்னலோரம் இருந்தார்.

"ஆ, கிடக்கு கிடக்கு," என்று கொண்டக்டர் ஐயா உரக்க வாசித்தார். "ஆற்றுவாயை வெட்டி ஊரைக் காத்த இளைஞர்கள். இரு வேட்பாளர்கள் உரிமை கோரியுள்ள போதிலும், ஆற்றுவாயை உண்மையில் வெட்டியவர்கள்..." அதோடு நிறுத்தினார். "மீதி பதினொண்டில. பதினொண்டு ஆரிட்ட?"

தாள்கள் புரண்டன.

"பதினொண்டு ஆரிட்டக் கிடக்கு எண்டு கேக்கிறன்?"

காக்கா பன்னிரண்டாம் பக்கத்தில் சினிமாப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார். "என்னட்டத்தான் இரிக்கி. பொறுங்க, கண்ணாடி." சட்டைப் பையைத் தடவினார். மற்றப் பையைத் தடவினார். கண்ணாடியை எடுத்துச் சாரத்தால் துடைத்தார். நான் அலுமாரியில் சாய்ந்துகொண்டு நின்றேன்.

"வெட்டியவர்கள்," என்று காக்கா எழுத்தெழுத்தாகத் தொடங்கினார், "பிரபல பார்மசி உரிமையாளரும் வேட்பாளருமான சமூக சேவையாளரின் வழிகாட்டலில் சென்ற துடிப்புமிக்க இளைஞர் அணியினர் ஆவர். இரவு பகல் பாராது மக்கள் துயர் துடைத்துவரும் அன்னார்..."

அதற்கு மேல் கேட்கவில்லை. வாசிகசாலையே வெடித்தது. வெட்டியவர்களின் பெயர் ஒன்றும் இல்லை. காக்காவிடமிருந்து தாளை வாங்கி நான் மூன்று தடவை வாசித்தேன். தம்பியின் பெயர் இல்லை. மற்ற மூன்று பேருடைய பெயர்களும் இல்லை. எங்கள் ஒழுங்கையின் பெயர்கூட இல்லை. பார்மசிக்காரரின் பெயர் மட்டும் மூன்று இடத்தில் இருந்தது.

"அந்தாள் மழை இருட்டினா பார்மசிக் கதவப் பூட்டுற ஆள்," என்றார் யாரோ. தம்பி கதவடியில் நின்று ஒரு சிரிப்புச் சிரித்தான். அதில் பாதி கோபம். பிறகு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வாவிப் பக்கம் இறங்கிப் போய்விட்டான்.

கொண்டக்டர் ஐயா நிருபர் பக்கம் திரும்பினார்.

"இப்பதான் விளங்குது. நாங்க இவ்வளவு நாளும் நீ கொந்தராத்திர ஆளெண்டு நினைச்சம். நீ பார்மசிர ஆள். என்ன, மருந்து சும்மா தாறானா?"

நிருபர் எழும்பி வந்து முன்பக்கத்தையும் பதினோராம் பக்கத்தையும் எடுத்து ஒன்றோடொன்று பொருத்தி வைத்து, முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். அடியில் "எமது பிரதேச நிருபர்" என்று இருந்தது. அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். ஆட்கள் சிரித்துக் களைத்து ஒவ்வொருவராகப் போனார்கள். காக்கா மூட்டையைத் தூக்கும்போது நிருபரின் தோளில் தட்டி, "விடுங்க தம்பி, நாளைக்கு இது சாரம் சுத்துற தாள்," என்றார்.

கடைசியில் நாங்கள் இரண்டு பேரும்தான். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி பொங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் காணக்கூடாது என்று தாள்களைக் குனிந்து அடுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் வாசிகசாலையில் அத்தனை காலமும் பத்திரிகைகள் பக்கம் சாய்கின்றன என்று ஏசாதவர் இல்லை. நானும் மனதுக்குள் ஏசியவள்தான். அன்று அந்தச் சாய்வுதான் என் தம்பியை வீட்டில் வைத்திருந்தது. ஆனால் அதற்கு நன்றி சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. நிருபர் எழுதியது எனக்குத் தெரியும். அது நல்ல செய்தி. நடந்ததை நடந்தபடி எழுதிய செய்தி. அதை வாசித்தது கொழும்பில் இருக்கிற யாரோ ஒருவர் மட்டும்தான். அவரும் வாசித்துவிட்டு மாற்றிவிட்டார்.

"சந்தோசம்தானே அக்கா?" என்று கேட்டார் நிருபர். குத்தலாகக் கேட்கவில்லை.

"ஓம்," என்றேன். பொய் சொல்ல முடியவில்லை.

"சரி. அப்ப அது போதும்."

தேநீர் வைக்கட்டுமா என்று கேட்பதற்குள் படியிறங்கிவிட்டார். அந்தத் தேர்தல் முடியும் வரை அவர் மரண அறிவித்தல்களும் கோயில் சடங்குகளும்தான் அனுப்பினார். பிறகு அதையும் விட்டுவிட்டார். கடை மட்டும் இருந்தது.

மறுநாள் கிராம சேவகர் எங்கள் ஒழுங்கைக்கு வந்தார். வெள்ளத்தில் எந்த வீட்டில் என்ன பழுதானது என்று கேட்டுப் பதிந்தார். தம்பி வீட்டில் ஒரு மெத்தை, என் வீட்டில் ஒரு அரிசிப் பெட்டி. ஆற்றுவாயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.